டியூனிங் ஃபோர்க்கில் பல் தடம்

அத்தியாயம் 7

பல் பிடுங்கிய அன்றைக்கு ஒருவனை வேலைக்குக் கூப்பிடக் கூடாது என்று எந்தச் சட்டத்திலாவது எழுதி வைத்திருக்க வேண்டும். யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் பன்னிரண்டு மணிக்குப் பல் டாக்டரின் நாற்காலியிலிருந்து இறங்கிய கடைசி பெஞ்சு, மூன்று மணிக்கெல்லாம் ஒரு வயலின் பட்டறையின் நடுவில், தன் வாயின் வலது பாதி எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் நின்றுகொண்டிருந்தான்.

"துடை," என்றார் டீச்சர்.

கைக்குட்டையை எடுத்து மோவாயைத் துடைத்தான். எச்சில் ஒழுகுவது அவனுக்குத் தெரியவில்லை. ஊசி போட்டதில் தாடை, உதட்டில் பாதி, கன்னம் எல்லாம் மரத்துப்போய், வேறு யாருடையதோ மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன.

"வாயை மூடிக்கிட்டு இருந்தா ஒழுகாது," என்றார் டீச்சர்.

"மூடிக்கிட்டு இருக்கணும்னா என்னை எதுக்கு டீச்சர் கூட்டிட்டு வந்தீங்க? ஒரு குடையை எடுத்துட்டு வந்திருக்கலாமே."

டீச்சர் இருபத்தேழு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். யார் யாரைப் பார்த்து எழுதினான் என்பதை விடைத்தாளைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு அதையே கொஞ்சம் பெரிய அளவில் செய்துகொண்டிருந்தார். கடைசி பெஞ்சு அவரிடம் ஒன்பதாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன். இப்போது வயது நாற்பது. டீச்சரின் காரை ஓட்டுவது, கதவைத் தட்டுவது, கேட்கக் கூடாததைக் கேட்பது, மூன்றும் அவன் பொறுப்பு. எதிரே தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற இன்ஸ்பெக்டரும் அதே வகுப்புதான். ஆனால் முதல் பெஞ்சு. அதனால் இந்த வயதிலும் டீச்சர் முன்னால் உட்கார மாட்டார்.

"அஞ்சு மணிக்கு அந்தப் பொண்ணை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயாகணும் டீச்சர்," என்றார் இன்ஸ்பெக்டர். "மேல இருந்து நெருக்குறாங்க. அதுக்குள்ள நீங்க ஒரு தடவை பார்த்துட்டா எனக்கு நிம்மதி."

"உனக்கே சந்தேகமா?"

"அவ மறுக்கவும் மாட்டேங்குறா, ஒத்துக்கவும் மாட்டேங்குறா. கல்லு மாதிரி உக்காந்திருக்கா. அதுதான் உறுத்துது."

நடந்தது இதுதான். நாலு நாளைக்கு முன்னால், செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு, இந்தப் பட்டறையின் சொந்தக்காரர், முப்பத்தெட்டு வருஷமாக வயலின் செய்தவர், எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிட்டவர், மாடிப் பின்கதவுக்கு வெளியே இருக்கும் மரப்படி மேடையிலிருந்து கீழே விழுந்து இறந்துபோனார். மேடையில் கைப்பிடிச் சட்டம் இருக்கிறது. இடுப்பு உயரம். தானாகத் தவறி விழ வழியில்லை. கீழே மரக்கிடங்கு வைத்திருக்கும் மாஸ்டரின் தம்பி, அப்பாவும் மகளும் மேடையில் சண்டை போட்டுக்கொண்டிருந்ததைத் தன் காதால் கேட்டதாக எழுதிக் கொடுத்திருந்தார்.

மாஸ்டரைப் பற்றி ஊரே ஒரு கதை சொல்லும். தெருவில் யாராவது வயலினைச் சுருதி சேர்த்துக்கொண்டு போனால், மாடியில் உட்கார்ந்தபடியே எந்தக் கம்பி இறங்கியிருக்கிறது என்று சொல்வாராம். ஒரு வயலினின் மேல்பலகையைக் காதருகே பிடித்து, விரல் முட்டியால் தட்டித் தட்டி, எங்கே ஒரு மயிரிழை சீவ வேண்டும், எங்கே கை வைக்கக் கூடாது என்று முடிவு செய்வாராம். வருஷத்துக்கு நாலே நாலு வயலின். அதற்குப் பல தேசத்திலிருந்து ஆள் காத்திருந்தது. சும்மா சொல்லக் கூடாது, அந்தக் காதுக்கு அத்தனை மதிப்பு.

பட்டறை நீளமான அறை. இரண்டு பக்கமும் ஜன்னல். மாஸ்டரின் வேலை மேசை ஒரு ஜன்னலைப் பார்த்துப் போட்டிருந்தது, மகளுடையது எதிர்ச் சுவர் ஜன்னலைப் பார்த்து. இரண்டு பேரும் உட்கார்ந்தால் முதுகுக்கு முதுகு. வெளிச்சத்துக்காக அப்படி. உத்தரத்துக் கம்பியில் வார்னிஷ் பூசாத மூன்று வயலின்கள் வெளுத்துத் தொங்கின. மரத்தூளும் காய்ச்சின பசையும் கலந்த வாசனை என்றார் இன்ஸ்பெக்டர். கடைசி பெஞ்சுக்கு மருந்து வாசனையைத் தவிர வேறெதுவும் எட்டவில்லை.

மகள் தன் மேசையில்தான் இருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஒரு சின்ன அரம். எதையும் அராவவில்லை, சும்மா பிடித்துக்கொண்டிருந்தாள். அழுத மாதிரியும் இல்லை, தூங்கின மாதிரியும் இல்லை. இந்த வீட்டில் தனக்கு மட்டும்தான் மரத்துப்போயிருக்கிறது என்று நினைத்து வந்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் கேட்க வைத்திருந்த கேள்வியை விழுங்கிக்கொண்டான்.

டீச்சர் ஒரு முக்காலியை இழுத்து அவளுக்கு நேரெதிரே உட்கார்ந்தார்.

"செவ்வாய்க்கிழமை அப்பாகூட என்னம்மா பேச்சு?"

"பேச்சுன்னு எதுவும் இல்லைங்க. நான்தான் பேசினேன். அவர் பேசலை."

"என்ன பேசினே?"

அவள் அரத்தை மேசைமேல் வைத்தாள். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, அவர் செஞ்ச வயலின் ஒண்ணு திரும்பி வந்துச்சு. ஒரு ஸ்வரம் மட்டும் ஊளையிடுதுன்னு. அப்பா ஊர்ல இல்லை. நானே திறந்தேன். மேல்பலகையை உள்பக்கமாக் கொஞ்சம் சீவி ஒட்டினேன். அப்பா வந்தப்புறம் அந்த வாசிக்கிறவர் இதே இடத்துல நின்னு வாசிச்சுக் காட்டினார். இப்பத்தான் பாடுதுன்னார். அப்பா பார்த்துக்கிட்டே நின்னார். ஒண்ணும் சொல்லலை."

"திட்டலையா?"

"திட்டியிருந்தா போதுமே. அதுக்கப்புறம் நான் வேலை செஞ்சுக்கிட்டே ஏதாவது கேப்பேன். பதில் வராது. திரும்பிப் பார்த்தா முதுகுதான் தெரியும். சீவிக்கிட்டே இருப்பார். ரெண்டு வருஷமா அப்படித்தான்."

"நேருக்கு நேர் பேசினா?"

"பேசுவார். சாப்பிட்டியாம்பார். பசையை ஆற விடாதேம்பார். அதெல்லாம் உண்டு. ஆனா அந்த விஷயத்தை முகத்தைப் பார்த்துக் கேக்க எனக்குத் தைரியம் வரலை. செவ்வாய்க்கிழமை இங்கயே உக்காந்துக்கிட்டுச் சொன்னேன். உங்களைக் கேக்காம உங்க வயலினைத் திறந்தது தப்புதான்பா, மன்னிச்சிடுங்க, ஒரு வார்த்தை பேசுங்க, பேசலைன்னா நாளையிலிருந்து வரமாட்டேன்னு. அவர் சீவுறதை நிறுத்தக்கூட இல்லை. மூணரைக்குப் பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன்."

"அப்ப நீ மேடைக்கே போகலை. அதை ஏன் இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லலை?"

"சொல்லி என்ன ஆகப்போகுது? நான் அப்படிப் பேசிட்டுப் போகலைன்னா அவர் அங்க போயிருப்பாரா? கையால தள்ளலை, அவ்வளவுதான்," என்றாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

டீச்சர் அதற்கு ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிப் பழக்கமும் இல்லை. எழுந்து மாஸ்டரின் மேசைப் பக்கம் நடந்தார்.

"என்ன தேடுறோம் டீச்சர்?" என்று காதோரம் கேட்டான் கடைசி பெஞ்சு.

"தெரியலை. இருக்க வேண்டியது எது இல்லை, இருக்கக் கூடாதது எது இருக்குன்னு பாரு. துடை."

துடைத்துக்கொண்டு பார்த்தான். முதலில் கண்ணில் பட்டது அடுப்படி. பசை காய்ச்சும் மின்சார அடுப்பு. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் இன்னொரு பாத்திரத்தில் பசை உருகும். அடுப்புக்குக் கீழே மூன்று பாத்திரங்கள் அடி கருகிக் கிடந்தன.

"முப்பத்தெட்டு வருஷ அனுபவம், தண்ணி வைக்கத் தெரியலை," என்றான்.

"இதெல்லாம் எப்ப கருகினது?" என்று டீச்சர் மகளைக் கேட்டார்.

"ஒண்ணு ஒண்ணா, இந்த ரெண்டு வருஷத்துல. தண்ணி வத்திப்போற சத்தம் கேட்டு நான்தான் ஓடிவந்து அணைப்பேன்."

வாசல் கதவுக்கு மேலே சுவரில் ஒரு வட்டத் தடம் இருந்தது. அழைப்பு மணி இருந்த இடம். சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று அப்பாதான் கழற்றச் சொன்னார் என்றாள் மகள். எப்போது என்று டீச்சர் கேட்டார். அதுவும் இரண்டு வருஷம்.

மாஸ்டரின் மேசைக்கு மேலே, சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வட்டக் கண்ணாடி சாய்வாக மாட்டியிருந்தது.

"அழகு பார்க்கிற ஆள் போல," என்றான் கடைசி பெஞ்சு.

"நீ அந்த முக்காலியில உக்காந்து பாரு. முகம் தெரியுதான்னு சொல்லு."

உட்கார்ந்தான். முகம் தெரியவில்லை. வாசல் கதவு தெரிந்தது. கதவைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"யார் வர்றாங்கன்னு பார்க்கலாம் டீச்சர். அந்தம்மா உக்காந்திருக்கிற இடம் மட்டும் தெரியலை."

"ம்," என்றார் டீச்சர். அவருடைய 'ம்' பலவகை. இது, கணக்கில் ஒரு படி ஏறின 'ம்'.

அப்புறம் ஆணிகளில் வரிசையாக மாட்டியிருந்த கருவிகளைப் பார்த்தார். எல்லாம் பளிச்சென்று துடைத்து வைத்தவை. கடைசியில் ஒரு டியூனிங் ஃபோர்க். தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்குமே, அந்த இரண்டு கால் இரும்பு. அதன் காம்பைச் சுற்றி நூல் இறுக்கிச் சுற்றியிருந்தது. நூலெல்லாம் நைந்து, அதில் பள்ளம் பள்ளமாகத் தடம்.

டீச்சர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். "இது என்ன தடம்?"

"பல் தடம்," என்றான் கடைசி பெஞ்சு. இன்றைக்குப் பல் விஷயத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. "மேல ரெண்டு, கீழ ரெண்டு. முன்பல்லு. பசி தாங்காம கடிச்சிருப்பாரோ?"

டீச்சர் மகளின் மேசையிலிருந்த ஃபோர்க்கை வாங்கினார். வெறும் இரும்புக் காம்பு, ஒரு கீறல் கிடையாது. கைக்குட்டையால் துடைத்து, முழங்காலில் தட்டிவிட்டு அவனிடம் நீட்டினார்.

"காதுல விரலை விட்டு நல்லா அடைச்சுக்கோ. காம்பை முன்பல்லால கடி."

"டீச்சர், இன்னைக்குத்தான் ஒண்ணைப் பிடுங்கி..."

"கடி."

கடித்தான். பாதி உதடு அவன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஆனால் அந்த ஒலி, அடைத்த காதையும் மரத்த தாடையையும் பற்றிக் கவலைப்படாமல், நேரே மண்டைக்குள் வந்து நின்றது. தெளிவாக, பெரிதாக, தலையே ஒரு வயலின் பெட்டி ஆன மாதிரி. அவனுக்குப் பேச்சு வரவில்லை. அது அவனுக்கு அடிக்கடி நடக்கிற விஷயமில்லை.

"கேட்டுச்சா?"

தலையாட்டினான்.

"காது வழியா வராதது எலும்பு வழியா வரும்," என்றார் டீச்சர் தாழ்ந்த குரலில். "மகளுக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம். முதல்ல மேடையைப் பார்க்கலாம்."

பின்கதவைத் திறந்தால் மேடை. நாலடி அகலம். ஓரத்திலிருந்து மரப்படிகள் கிடங்கு முற்றத்துக்கு இறங்கின. முற்றத்தில் பலகைகள் காற்றோட்டமாக, நடுவில் கட்டை வைத்து அடுக்கியிருந்தன. டீச்சர் கைப்பிடிச் சட்டத்தில் கையை வைத்தார். எடுத்தார். உள்ளங்கையைப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் பிசிறு ஒட்டியிருந்தது. அப்புறம் எட்டி, சட்டத்தின் வெளிப்பக்கத்தைத் தடவினார்.

"நீ தடவு."

தடவினான். உள்பக்கம் வெயிலிலும் மழையிலும் கிடந்து சொரசொரவென்று வெடித்திருந்தது. வெளிப்பக்கம் வழவழவென்று, எண்ணெய் தேய்த்த மாதிரி பளபளத்தது.

"இத்தனை வருஷமா எல்லாரும் அந்தரத்துல நின்னுதான் இதைப் பிடிச்சிருக்காங்க," என்றான்.

"அல்லது, திருப்பி மாட்டியிருக்காங்க," என்றார் டீச்சர். "இன்ஸ்பெக்டர், அந்தத் தம்பியை மேல வரச் சொல்லு."

மாஸ்டரின் தம்பி, மர வியாபாரி, மணி நாலேமுக்காலுக்குப் படியேறி வந்தார். தோள் அகலமான மனிதர், வயது ஐம்பத்தெட்டு, பார்க்க அதைவிடக் கொஞ்சம் மூப்பு. பட்டறைக்குள் நுழைந்ததும் அண்ணன் மகளைப் பார்க்காமல் இருக்க, உத்தரத்தில் தொங்கின வயலின்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்காக இன்னொரு தரம் சொல்லுங்க," என்றார் டீச்சர். "பொறுமையா. அவசரமே இல்லை."

"அதான் எழுதிக் கொடுத்தேனே டீச்சரம்மா. முற்றத்துல பலகை அடுக்கிக்கிட்டிருந்தேன். மேல சண்டைச் சத்தம். பாப்பா குரல் நல்லாக் கேட்டுச்சு. அண்ணன் மேடை ஓரத்துல நின்னார். என்னண்ணே சத்தம்னு கேட்டேன். நீ உன் வேலையைப் பாருடா, இது எங்க விஷயம்னார்."

"உங்களைப் பார்த்துச் சொன்னாரா?"

"இல்லை. என் பக்கம் திரும்பவே இல்லை. கையில வயலின் பலகையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, வானத்தைப் பார்த்தபடியேதான் நின்னார். அப்படியே பதில் சொன்னார். அடுத்த நிமிஷம் விழுந்துட்டார்."

"வானத்தைப் பார்த்தபடியே பதில் சொன்னார்."

"ஆமா."

டீச்சர் ஒரு பெருமூச்சு விட்டார். பார்த்து எழுதினவன் கையும் களவுமாக அகப்பட்டால் விடுகிற மூச்சு அது. கடைசி பெஞ்சு அதைப் பலமுறை வாங்கியிருக்கிறான்.

"நீங்க சொன்னதுல ஒண்ணு நிஜம். அவர் வானத்தைப் பார்த்தார், உங்க பக்கம் திரும்பலை. அது கண்ணால பார்க்காம யாருக்கும் சொல்ல வராது. ஆனா பதில் சொன்னார்ங்கறது நடக்காத காரியம். உங்க அண்ணனுக்கு ரெண்டு வருஷமா காது கேக்காது."

மகள் தலையைத் தூக்கினாள்.

"அவர் காதா?" என்றார் தம்பி. "அவர் காதைப் பத்தி ஊருக்கே தெரியும்."

"அதனாலதான் யார்கிட்டயும் சொல்லலை. மணி எதுக்குன்னு கழட்டிட்டார். வாசல்ல ஆள் வந்தா தெரியக் கண்ணாடி வெச்சுக்கிட்டார். தண்ணி வத்துற சத்தம் கேக்காம மூணு பாத்திரத்தைக் கருக விட்டார். டியூனிங் ஃபோர்க்கைப் பல்லால கடிச்சுச் சுருதி கேட்டார். எதிர்ல நிக்கிறவங்க உதட்டைப் பார்த்துப் பதில் சொன்னார். வானத்தைப் பார்த்துக்கிட்டிருந்த மனுஷனுக்கு, கீழ இருந்து நீங்க கேட்டது எப்படிப் போய்ச் சேரும்?"

தம்பியின் பார்வை பின்கதவுப் பக்கம் போனது.

"இன்னொண்ணும் இருக்கு," என்றார் டீச்சர். "மேடைச் சட்டத்தை யாரோ கழட்டித் திருப்பி மாட்டியிருக்காங்க. கை பட்டு வழவழன்னு ஆன பக்கம் வெளிய இருக்கு. மரத்தைத் தொட்டாலே எது முகம் எது முதுகுன்னு சொல்றவர் நீங்க. உங்க கை தப்பு பண்ணணும்னா அது எவ்வளவு நடுங்கியிருக்கணும்?"

அவர் கிடுகிடுவென்று ஆடிப்போவார், அல்லது கதவைப் பார்த்து ஓடுவார் என்று கடைசி பெஞ்சு குறுக்கே நகர்ந்து நின்றான். அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்த மனிதர் மாஸ்டரின் முக்காலியில் போய் உட்கார்ந்தார்.

"நீளப் பலகை ஒண்ணு மேல ஏத்த வேண்டியிருந்தது," என்றார். "படியில திரும்பாது. கயிறு கட்டி மேடை வழியா ஏத்தலாம்னு சட்டத்தைக் கழட்டினேன். கயிறு எடுக்கக் கீழ போனேன். பாப்பா பையோட தெருவுல போறதைப் பார்த்தேன். கயிறைத் தேடி எடுக்க அரை மணி ஆயிடுச்சு. திரும்பினா அண்ணன் வெளிய வர்றார். வயலின் பலகையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, அண்ணாந்து பார்த்துக்கிட்டே நடக்குறார். சட்டம் இல்லைண்ணே, நில்லுண்ணேன்னு கத்தினேன். மூணு தரம் கத்தினேன். மூணாவது தரம் என் தொண்டையே கிழிஞ்சுபோச்சு. அவர் திரும்பலை. நேராப் போனார்."

"வேணும்னே போறார்னு நினைச்சீங்களா?"

"வேற என்ன நினைக்கிறது? மூணு தரம் கூப்பிட்டும் திரும்பாத மனுஷனை?" அவர் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டார். "சட்டத்தைக் கழட்டினது நான்தானேன்னு பயம் வந்துச்சு. மாட்டிட்டுத்தான் ஆளைக் கூப்பிட்டேன். சட்டம் இருந்தா எப்படி விழுந்தார்னு கேட்டாங்க. அப்பனுக்கும் மகளுக்கும் சரியில்லைன்னு எல்லாருக்கும் தெரியும். வாயில வந்துடுச்சு. அதுக்கப்புறம் அதை எடுக்க முடியலை."

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டினார். மணி ஐந்து. "கூட வாங்க," என்றார் அவரிடம். அதட்டாமல்தான் சொன்னார். தம்பி எழுந்தார். அண்ணன் மகளுக்கு முன்னால் வந்து ஏதோ சொல்ல நின்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. டீச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு எப்ப இருந்துங்க காது கேக்கலை?"

"மணியைக் கழட்டினது எப்பவோ, அதுக்கும் முன்னாடியே இருக்கும்மா."

"அப்ப, அந்த வயலினை இங்க வாசிச்சுக் காட்டினப்போ அப்பா..."

"பார்த்திருப்பார். எவ்வளவு கேட்டிருக்கும்னு தெரியாது."

"நான் பேசினது?"

"முதுகுப் பக்கம் பேசினது எதுவும் போய்ச் சேரலை."

அவள் அப்பாவின் மேசையைத் திரும்பிப் பார்த்தாள். "கோபம் இல்லையா?"

"கோபப்படணும்னா முதல்ல காதுல விழணுமேம்மா."

"மன்னிச்சிடுங்கன்னு சொன்னதும் விழலை," என்றாள் அவள். கேள்வியாகக் கேட்கவில்லை. கடைசி பெஞ்சுக்கு ஒரு ஜோக் வந்து, தொண்டையோடு நின்றுபோனது. வந்ததே வெட்கமாக இருந்தது.

டீச்சர் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "அவர் கையில இருந்த பலகை எங்க?"

இன்ஸ்பெக்டர் துணிப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். வயலினின் மேல்பலகை. வெளுப்பான மரம், வளைவான முதுகு, ஓரத்தில் மட்டும் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. இத்தனை மெல்லியது அந்த உயரத்திலிருந்து விழுந்து அவ்வளவோடு தப்பியதே பெரிய விஷயம்.

"உள்பக்கம் பார்த்தியா?"

"இல்லை டீச்சர். இப்படித்தான் குப்புறக் கிடந்துச்சு. இப்படியே எடுத்து வெச்சோம்."

"கேள்வித்தாளைத் திருப்பிப் பாருன்னு உனக்கு எத்தனை வருஷம் சொல்லியிருக்கேன்," என்றார் டீச்சர். முதல் பெஞ்சின் காது சிவந்தது.

மகள்தான் திருப்பினாள். இரண்டு கையாலும், குழந்தையைப் புரட்டுகிற மாதிரி. உள்குழிவு முழுக்கப் பென்சில் எண்கள். எந்த இடத்தில் எவ்வளவு கனம் என்று மாஸ்டர் குறித்து வைத்தவை. இந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் குறிப்பார்கள், பெட்டியை மூடும்போது உள்ளேயே போய்விடும். நடுவுக்குக் கொஞ்சம் கீழே ஒரு வட்டம். வட்டத்துக்குள் எண் இல்லை. பொடி எழுத்தில் இரண்டு வரி. அவள் படிக்கவில்லை, நீட்டிக் காட்டினாள். கடைசி பெஞ்சு எட்டிப் பார்த்தான்.

'இங்கே எனக்கு எட்டவில்லை. மகள் தட்டிப் பார்த்துச் சொல்லட்டும்.'

முப்பத்தெட்டு வருஷம் யாரையும் ஒரு சந்தேகம் கேட்காத மனிதர் எழுதினது. எழுதிவிட்டு, கடைசியாக ஒருமுறை வெளிச்சத்தில் கண்ணால் பார்த்துவிடலாம் என்று எழுந்து போயிருக்கிறார். அவள் மேசை காலியாகி அரை மணி நேரம் ஆகியிருந்ததை அவர் பார்த்தாரோ இல்லையோ.

அவள் பலகையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக் காதருகே தூக்கினாள். முட்டியால் தட்டினாள். வெடிப்பின் கரகரப்பு முன்னால் வந்தது. பிடியை மாற்றி, வெடிப்பை விரலால் அழுத்திக்கொண்டு மறுபடி தட்டினாள். வட்டத்துக்கு மேலே, கீழே, நடுவில். தம்பி வாசலில் நின்றுவிட்டார். இன்ஸ்பெக்டர் அவரை இழுக்கவில்லை.

அப்புறம் அவள் தன் இடத்திலிருந்து எழுந்தாள். அறையைக் கடந்தாள். அப்பாவின் மேசையைச் சுற்றிக்கொண்டு, ஜன்னலுக்கும் மேசைக்கும் நடுவில் இருந்த குறுகலான இடத்தில் நுழைந்து, காலி முக்காலிக்கு நேர் எதிரே போய் நின்றாள். உதடு தெளிவாக அசையும்படி, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள்.

"இங்க இன்னும் கொஞ்சம் எடுக்கணும்பா. நான் எடுத்துடறேன்."

அவ்வளவுதான். அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. நாலு நாளாக வராதது.

கடைசி பெஞ்சு உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"துடை," என்றார் டீச்சர் மெதுவாக.

கைக்குட்டையை எடுத்து வழக்கம்போல மோவாயைத் துடைத்தான். "மருந்து இன்னும் இறங்கலை டீச்சர். ஒழுகிக்கிட்டே இருக்கு."

"அங்க இல்லை. இன்னும் மேல."